10 டாலர் தோட்டாப் பெட்டி 45 டாலர் ஆனது எப்படி?

டெக்சாஸில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2019-இல் 50 ரவுண்டு, அதாவது 50 தோட்டா உள்ள 9 மி.மீ. பெட்டியை 10 டாலருக்கு வாங்கினேன். 2021 ஜனவரியில் அதே பெட்டிக்கு 45 டாலர் கேட்டார்கள். சானிடைசரை அநியாய விலைக்கு விற்றவர்களைத் துரத்திய அரசாங்கம் இதை ஏன் கண்டுகொள்ளவில்லை? கம்பெனிகள் பதுக்கி வைத்துத்தானே விலையை ஏற்றினார்கள்? இதே கூத்து மறுபடியும் நடக்குமா?" கேள்விகள் பல மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். அந்தக் கூடுதல் 35 டாலர் யார் பைக்குள் போனது, அப்படிப் போனது முறைதானா என்பதே அவர் கேட்பது.

நான் வக்கீல் அல்ல. ஒஹாயோவில் வேட்டை, மீன்பிடிச் சாமான்களை மொத்தமாக வாங்கிச் சிறு கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் பல வருஷம் கொள்முதல் பிரிவில் இருந்தவன். 2013-இன் தட்டுப்பாட்டையும் 2020-இன் தட்டுப்பாட்டையும் அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். அதனால் சரக்கு எப்படி நகர்ந்தது, விலை எந்த இடத்தில் குதித்தது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். சட்டம் பற்றிச் சொல்வது, வேலைக்காக நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. அதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வைத்திருப்பது சரியா தப்பா என்ற வழக்கு இங்கே வேண்டாம். அது வேறு சண்டை.

முதலில் பதுக்கல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். தொழிற்சாலைகள் பதுக்கவில்லை. ஃபெடரல், சி.சி.ஐ., வின்செஸ்டர் என்ற பெரிய தோட்டாக் கம்பெனிகள் எல்லாமே மூன்று ஷிஃப்ட் ஓட்டின. "ரகசியக் கிடங்கு எதுவும் எங்களிடம் இல்லை" என்று ஃபெடரலின் தலைவரே வீடியோவில் வந்து சொல்ல வேண்டிய நிலை 2020 கடைசியில் வந்தது. அவர் சொன்னார் என்பதற்காக நம்ப வேண்டாம், கணக்கைப் பாருங்கள். மாதம் ஒரு தடவை சுடுதளத்துக்குப் போய் இரண்டு பெட்டி சுடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். மாதம் 100 ரவுண்டு. வீட்டில் ஒன்றிரண்டு பெட்டி மீதம் இருக்கும். செய்தியைப் பார்த்துப் பயந்து, "1,000 ரவுண்டாவது கையில் இருக்கட்டும்" என்று ஒரு சனிக்கிழமை முடிவு செய்கிறார். பத்து மாதத் தேவையை ஒரே நாளில் கேட்கிறார். பத்துப் பேரில் ஒருவர் மட்டும் இப்படிச் செய்தாலே அந்த மாதத்துக் கேட்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். மற்ற ஒன்பது பேர் காலி அலமாரியின் போட்டோவைப் பார்க்கிறார்கள். அப்புறம் அவர்களும் கிளம்புகிறார்கள்.

2020-இல் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. துப்பாக்கி விற்கும்போது எஃப்.பி.ஐ. செய்யும் பின்னணிச் சோதனைகள் 2019-இல் சுமார் 2 கோடியே 84 லட்சம். 2020-இல் 3 கோடியே 97 லட்சம். ஒரு சோதனை என்றால் ஒரு விற்பனை என்று அர்த்தமில்லை, மாநிலங்கள் உரிமம் புதுப்பிக்கவும் அதே சோதனையைப் பயன்படுத்துகின்றன. ஆனாலும் ஏற்றத்தின் அளவு தெரிகிறது. அந்த வருஷம் முதல் தடவையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் 84 லட்சம் பேர் என்று துப்பாக்கித் தொழில் சங்கம் மதிப்பிட்டது. தொழிலின் சொந்த மதிப்பீடு என்பதால் கொஞ்சம் தள்ளியே வாங்கிக்கொள்ளுங்கள். பாதியாக வைத்தாலும், ஆளுக்கு இரண்டே பெட்டி என்றால் 42 கோடி ரவுண்டு. கேட்பு வாராவாரம் மாறும். தொழிற்சாலையால் அப்படி மாற முடியாது.

ஏன் முடியாது என்றால், பிரைமர். தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, முனையில் செம்பு போர்த்திய ஈயக் குண்டு, அடியில் பிரைமர் என்ற சின்னக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி தட்டியதும் முதலில் பற்றுவது அந்தப் பிரைமர்தான். கூட்டையும் குண்டையும் செய்ய மெஷின் வாங்கிப் போட்டுவிடலாம். பிரைமருக்குள் இருக்கும் லெட் ஸ்டிஃப்னேட் கலவை அப்படிப்பட்டதல்ல. ஈரமாக வைத்துத்தான் கையாள வேண்டும், காய்ந்துவிட்டால் ஒரு தட்டு, ஒரு உரசல் போதும். தனித்தனிக் கட்டடம், தடுப்புச் சுவர், பழகிய ஆட்கள், உரிமம் எல்லாம் வேண்டும். அமெரிக்காவில் பிரைமரைப் பெரிய அளவில் செய்தவை நாலு பெயர்கள்தான்: ஃபெடரல், சி.சி.ஐ., வின்செஸ்டர், ரெமிங்டன். இதில் ஃபெடரலும் சி.சி.ஐ.யும் அப்போது விஸ்டா அவுட்டோர் என்ற ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. ரெமிங்டனின் கதைதான் வேடிக்கை. 2018-இல் ஒருமுறை திவால், 2020 ஜூலையில் மறுபடி திவால். ஊரே தோட்டா தோட்டா என்று அலைந்த அந்த மாதங்களில் ஆர்கன்சாவின் லோனோக் ஊரிலிருந்த அதன் ஆலை முழு வேகத்தில் ஓட வழியில்லாமல் கிடந்தது. அதே வருஷம் அக்டோபரில் விஸ்டா அதை 8 கோடியே 14 லட்சம் டாலருக்கு வாங்கியது.

"விலை இவ்வளவு ஏறும்போது புது ஆலை போட வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். 2016 தேர்தலுக்கு முன் கடைக்காரர்கள் எல்லோரும் சரக்கைக் குவித்தார்கள். டிரம்ப் ஜெயித்தார், துப்பாக்கிக்குத் தடை வரும் என்ற பயம் போனது, வாங்குவது சரிந்தது. 2017 முதல் 2019 வரை எங்கள் கிடங்கில் தோட்டா தூங்கியது, தள்ளுபடிக் கூப்பன் கொடுத்து விற்றோம். நீங்கள் 10 டாலருக்கு வாங்கிய பெட்டி அந்தக் காலத்துப் பெட்டி. அது சாதாரண விலை அல்ல, விற்காத சரக்கின் விலை. இதை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த மூன்று வருஷத்தைப் பார்த்த எந்த முதலாளியும், ஒரு பீதிக் காலத்தை நம்பிப் பல வருஷம் பிடிக்கும் பிரைமர் ஆலைக்குக் கோடிகளைக் கொட்ட மாட்டார்.

இனி அந்த 35 டாலர். தொழிற்சாலையிலிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து கடை, கடையிலிருந்து நீங்கள். தொழிற்சாலை எங்களுக்கு ஒரு விலைப் பட்டியல் தரும். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே கடிதம் வரும். அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: நிலுவையில் உள்ள ஆர்டராக இருந்தாலும், சரக்கு லாரி ஏறும் நாளில் இருக்கும் விலைதான் செல்லும். 2020 முழுக்க அந்தப் பட்டியல் ஏறியது, ஆனால் படிப்படியாக, சதவீதக் கணக்கில். மடங்குக் கணக்கில் அல்ல. மாறியது அளவுதான். நான் 100 கேஸ் 9 மி.மீ. கேட்டால் பத்து வரும், சில வாரம் அதுவும் வராது. ஒரு கேஸ் 1,000 ரவுண்டு, அதாவது 20 பெட்டி. அந்தப் பத்துக் கேஸை நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பிரிக்க வேண்டும். போன வருஷம் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, இந்தக் கடைக்கு நாலு பெட்டி, அந்தக் கடைக்கு ஆறு பெட்டி என்று எழுதுவோம். கென்டக்கியிலிருந்து ஒரு கடைக்காரர் தினமும் காலை எட்டு மணிக்குப் போன் செய்வார். "இருக்கா?" என்றுகூடக் கேட்க மாட்டார். "என்ன இருக்கு?" என்பார். எந்தக் காலிபராக, அதாவது எந்த அளவுத் தோட்டாவாக இருந்தாலும் வாங்கிக்கொள்வார், அலமாரி காலியாகத் தெரியக் கூடாது என்று.

கடையில்தான் விலை இரண்டாகப் பிரிந்தது. பெரிய சங்கிலிக் கடைகள் பெயர் கெட்டுவிடும் என்று விலையை ஓரளவு பிடித்து வைத்தன. ஒருவருக்கு இத்தனை பெட்டி என்று உச்சவரம்பு போட்டன. முறையான சரக்கு கிடைக்காத சின்னக் கடைக்காரர்கள் வேறு கடைகளில், ஏலத் தளங்களில், துப்பாக்கிச் சந்தைகளில் கிடைத்ததை 30 டாலருக்கு வாங்கி 40-க்கு விற்றார்கள். அந்த 40-ஐப் பார்த்து நீங்கள் திட்டுவது கடைக்காரரை. அவருக்கு நின்றது 10 டாலர். மீதி அதற்கு முன்னால் அந்தப் பெட்டியைக் கையில் வைத்திருந்தவர்களிடம் நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர் யார்? பெரும்பாலும் உங்களையும் என்னையும் போன்ற ஒருவர். காலையில் சங்கிலிக் கடை திறக்கும் முன் வரிசையில் நின்று அச்சிட்ட விலைக்கு வாங்கி, மாலையில் இணையத்தில் ஏற்றியவர். நம் ஊரில் முதல் நாள் சினிமா டிக்கெட்டைப் பிளாக்கில் விற்பவரின் வேலைதான். கவுண்டர் விலைக்கும் வாசல் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் சம்பளம். இது சட்டத்துக்கு விரோதமும் அல்ல. தோட்டா விற்க உரிமம் வேண்டும் என்ற மத்திய விதியை அமெரிக்கா 1986-இலேயே எடுத்துவிட்டது. தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும்தான் உரிமம் வேண்டும். கலிஃபோர்னியா மாதிரிச் சில மாநிலங்கள் மட்டும் தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன.

2013-இல் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சேண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். புதுத் தடைச் சட்டம் வரும் என்ற பேச்சு எழுந்தது, கடைகள் காலியாயின. சட்டம் 2013 ஏப்ரலில் செனட்டில் தோற்றுப்போன பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. அதிகம் காணாமல் போனது பெரிய தோட்டா அல்ல. பாயிண்ட் டூ டூ. என்.சி.சி.யில் சுட்டவர்களுக்கு அந்தக் குட்டித் தோட்டா ஞாபகம் இருக்கும். 500 சொச்சம் ரவுண்டு உள்ள பெட்டி 20 டாலர் அளவில் விற்றுக்கொண்டிருந்தது. வெளியே அது 50, 60, 80 டாலர் வரை போனது. அந்தச் சட்ட மசோதா எதற்கும் பாயிண்ட் டூ டூவுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. விலை குறைந்த பொருள், கெடாத பொருள், சின்ன இடத்தில் அடங்கும் பொருள், கை மாற்ற சுலபம். வால்மார்ட் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டி என்று வரம்பு போட்டது. ஒரே குடும்பத்தில் கணவர், மனைவி, மச்சான் என்று தனித்தனியாக வரிசையில் நின்றார்கள். சாதாரணக் கடைகளில் அலமாரி ஓரளவு நிரம்ப இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்தச் சமயத்தில் ஓடிய வதந்தியையும் சொல்ல வேண்டும். "உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடி ரவுண்டு வாங்குகிறது, மக்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று அரசே சந்தையைக் காலி செய்கிறது" என்றார்கள். 160 கோடி என்பது பல வருஷ ஒப்பந்தங்களில் "இதுவரை வாங்கலாம்" என்ற உச்ச எண்களைக் கூட்டி வந்தது. அரசுக் கணக்குகளை ஆராயும் ஜி.ஏ.ஓ. 2014 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அந்தத் துறை உண்மையில் வாங்கியது வருஷத்துக்கு 10 கோடி ரவுண்டைச் சுற்றித்தான், 2013-இல் அதைவிடக் குறைவு. ஆனால் அறிக்கை வருவதற்குள் வதந்தி தன் வேலையை முடித்துவிட்டது. அதை நம்பி வாங்கியவர்களே தட்டுப்பாட்டை உண்டாக்கினார்கள். தட்டுப்பாட்டைக் காட்டி வதந்தி உண்மைதான் என்றார்கள்.

தொழிற்சாலைகள் பதுக்கவில்லை என்றேனே, அதனால் சம்பாதிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சம்பாதித்தார்கள், கொஞ்சம் தாமதமாக. வின்செஸ்டர் தோட்டா ஓலின் என்ற ரசாயனக் கம்பெனியின் சொத்து. அதன் வின்செஸ்டர் பிரிவின் லாபம் 2019-இல் சுமார் 4 கோடி டாலர், 2020-இல் சுமார் 9 கோடி, 2021-இல் 40 கோடிக்கு மேல். இரண்டே வருஷத்தில் பத்து மடங்கு. மிசூரியில் ராணுவத்துக்குத் தோட்டா செய்யும் லேக் சிட்டி ஆலையை நடத்தும் பொறுப்பு 2020 அக்டோபரில் அவர்களிடம் வந்ததும் விற்பனைக்கு உதவியது. செம்பு விலையும் ஏறியதுதான். 2021 மே மாதம் டன் 10,000 டாலரைத் தாண்டிச் சாதனை படைத்தது. ஆனால் செலவு ஏறியதால் மட்டும் விலை ஏறியிருந்தால் லாபம் பத்து மடங்கு ஆகாது. வெளியே 45 டாலருக்கு ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பட்டியல் விலையை ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள், கேட்பார் இல்லை. ஆக, 2020-இல் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி கடைசிக் கைகளுக்குப் போனது. 2021-இல் அதில் நல்ல பங்கைத் தொழிற்சாலை இழுத்துக்கொண்டது. உங்கள் 45 டாலர் பெட்டி இரண்டுக்கும் நடுவில் மாட்டியது.

சட்டத்துக்கு வருகிறேன். கொள்ளை விலையைத் தடுக்க நாடு முழுமைக்கும் பொருந்தும் சட்டம் அமெரிக்காவில் இல்லை. இருப்பவை மாநிலச் சட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முதல் நிபந்தனை, நெருக்கடி நிலை அறிவிப்பு: புயல், வெள்ளம், தொற்று. இப்போது தோட்டாப் பீதிகளின் பட்டியலைப் பாருங்கள். 2008-இல் ஒபாமா ஜெயித்தது, 2012 கடைசியில் சேண்டி ஹூக், 2016 தேர்தல். எதிலும் அப்படியொரு நெருக்கடி அறிவிக்கப்படவில்லை. தேர்தல் முடிவுக்குப் பயந்து ஜனங்கள் வாங்குவது எந்தச் சட்டப்படியும் பேரிடர் ஆகாது. ஆகவே அந்தக் காலங்களில் பத்து மடங்கு விலைக்கு விற்றிருந்தாலும் இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை எழுந்தே இருக்காது.

2020 மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் கொரோனாவுக்காக எல்லா மாநிலங்களும் நெருக்கடியை அறிவித்திருந்தன. அங்கேயும் அடுத்த நிபந்தனை இடித்தது: எந்தப் பொருள்? கலிஃபோர்னியா சட்டம் நெருக்கடிக்கு முந்தைய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது; உணவு, மருந்து, பெட்ரோல், கட்டடப் பொருள் என்று வரிசையாகச் சொல்லி, அவசரப் பொருட்களில் டார்ச், பேட்டரி, மெழுகுவர்த்தி, ஆணி, சுத்தியல் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். தோட்டா இல்லை. உங்கள் டெக்சாஸில் உணவு, எரிபொருள், மருந்து, தங்குமிடம் முதலியவற்றோடு "மற்ற அத்தியாவசியப் பொருள்" என்று பொதுவாக முடித்திருக்கிறார்கள். அதற்குள் தோட்டா வருமா? வரும் என்று வாதிடலாம், வராது என்றும் வாதிடலாம். வரும் என்று சொல்லும் அரசியல் ஆசை அங்கே யாருக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இது என் ஊகம். சானிடைசரில் மத்திய அரசு நுழைந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. 2020 மார்ச் 23-ஆம் தேதி பதுக்கலுக்கு எதிரான ஆணை ஒன்று வந்தது. அதன் கீழ் முகக்கவசம், வென்டிலேட்டர், கிருமிநாசினி என்று மருத்துவப் பொருட்களைத்தான் அறிவித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே வாரக் கடைசியில், மார்ச் 28-இல், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் உள்ள ஓர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில் துப்பாக்கி, தோட்டாக் கடை ஊழியர்கள் அத்தியாவசியப் பணியாளர்கள் பட்டியலில் ஏறினார்கள். கடையைத் திறந்து வைப்பது அத்தியாவசியம், உள்ளே விற்கும் பொருளுக்கு விலை வரம்பு கிடையாது.

சரி, சட்டம் இல்லை, நியாயம்? 1986-இல் கானமன், நெட்ஷ், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு கேள்வியைப் பொதுமக்களிடம் வைத்தார்கள். 15 டாலருக்குப் பனி அள்ளும் மண்வெட்டி விற்கும் கடை, பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் காலை 20 டாலர் ஆக்குகிறது, சரியா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். பொருளாதாரப் பாடம் படித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்: விலை ஏறினால் சரக்கு ஓடி வரும், உண்மையில் தேவைப்படுபவருக்குப் போய்ச் சேரும். என் அனுபவத்தில் தோட்டா விஷயத்தில் இது பாதி உண்மை. சரக்கு வந்தது. செக் நாட்டு செல்லியர் பெல்லோ, செர்பியா, பிரேசில், இத்தாலி, துருக்கி என்று மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் இறக்குமதி ஏறியது. 2018-இல் மலிவாக வாங்கி வீட்டு அடித்தளத்தில் அடுக்கியிருந்தவர்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள், அது 45 டாலர் இல்லாவிட்டால் வெளியே வந்திருக்காது. ஆனால் பிரைமர் ஆலை விலைக்கு ஆடவில்லை. தேவைப்படுபவருக்குப் போனதா என்றால், பணம் இருப்பவருக்குப் போனது. முதல் துப்பாக்கியை வாங்கி, சுடப் பழக ஒரு பெட்டி கிடைக்காமல் நின்றவர்களை நிறையப் பார்த்தேன்.

எனவே விலையைக் கட்டுப்படுத்துவதைவிட அளவைக் கட்டுப்படுத்துவதுதான் வேலை செய்யும் என்பது என் கட்சி. 10 டாலர் என்று விலையை ஆணியடித்தால் காலை வரிசையில் நிற்பவருக்குக் கொழுத்த லாபம், அவ்வளவுதான். எங்களிடம் சரக்கு எடுத்த கடைகளில் நிம்மதியாகத் தப்பித்தவை, விலையை மிதமாக ஏற்றி, முகம் தெரிந்தவருக்கு ஆளுக்கு ஒரு பெட்டி என்று நோட்டில் எழுதிக் கொடுத்தவை. சிலர் துப்பாக்கி வாங்கினால்தான் தோட்டா என்றார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தோட்டா இல்லாத துப்பாக்கியை விற்றால் வாங்கியவர் மறுநாள் திரும்பி வந்து கத்துவார் என்ற அவர்கள் கஷ்டமும் புரிந்தது. "அடுத்த கேஸை எந்த விலைக்கு வாங்கப் போகிறேனோ அதை வைத்துத்தான் இந்தப் பெட்டிக்கு விலை" என்று கடைக்காரர் சொன்னால் அது சாக்கு அல்ல. 14 டாலருக்கு வாங்கியதை 18-க்கு விற்றுவிட்டு, அடுத்ததை 30-க்கு வாங்க வேண்டுமென்றால் கல்லாவில் பணம் இருக்காது.

கொள்ளை என்று நான் சொல்வது வேறு சிலதை. ஆர்டரை ஏற்றுக்கொண்டு கார்டில் பணமும் எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து "இருப்பு இல்லை" என்று ரத்து செய்து, அதே சரக்கை இரண்டு மடங்கு விலையில் மறுபடி ஏற்றுவது. பெட்டி விலையைக் குறைத்துக் காட்டிக் கடைசிப் பக்கத்தில் கூரியர் கட்டணத்தில் பிடுங்குவது. துப்பாக்கிச் சந்தையில், வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாவைக் கம்பெனிப் பெட்டியில் போட்டுப் புதிது என்று விற்பது. இது விலைக் கொள்ளை மட்டுமல்ல, வெடிமருந்தின் அளவு கூடிப்போயிருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அப்புறம் அந்த இரண்டு வருஷமும் புற்றீசல் மாதிரி முளைத்த போலி இணையதளங்கள்: ஊரெல்லாம் 45 டாலர், இங்கே மட்டும் 15 டாலர், எல்லாக் காலிபரும் கைவசம், பணம் மட்டும் கார்டில் வாங்க மாட்டோம். இவற்றுக்கு நெருக்கடி அறிவிப்பே தேவையில்லை, சாதாரண மோசடிச் சட்டமும் நுகர்வோர் சட்டமும் போதும்.

மறுபடி நடக்குமா? நடக்கும். எப்போது என்று சொல்ல மாட்டேன், சொல்கிறவரை நம்பவும் மாட்டேன். 9 மி.மீ. விலை 2022 முதல் இறங்கி, அதன் பின் பெட்டி 12, 14 டாலர் அளவுக்கு வந்தது. 2019-இன் 9, 10 டாலருக்குத் திரும்பவில்லை. திரும்பும் என்று காத்திருப்பது வீண். சந்தையின் சில கதவுகள் நிரந்தரமாகக் குறுகிவிட்டன. ரஷ்யத் தோட்டாவுக்குப் புது இறக்குமதி அனுமதி கிடையாது என்று அமெரிக்கா 2021 ஆகஸ்டில் அறிவித்தது. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைத்ததற்கான தண்டனை அது. இரும்புக் கூடு போட்ட மலிவு சரக்கு அதோடு வற்றத் தொடங்கியது. உக்ரைன் போரால் வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிக் குண்டுகளுக்குப் போகிறது. 2024 தொடக்கத்தில் விஸ்டா அதைக் காரணம் காட்டியே விலையேற்றக் கடிதம் அனுப்பியது. அந்த வருஷக் கடைசியில் விஸ்டாவின் தோட்டாத் தொழில் முழுவதும் செக்கோஸ்லோவாக் குரூப் என்ற ஐரோப்பிய ஆயுத நிறுவனத்திடம் போனது. கை மாறியிருக்கிறது, பிரைமர் செய்யும் கைகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: சந்தை தூங்கும்போது, சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் சுடுவதைவிட ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள். உலர்ந்த இடத்தில் வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. விலையைப் பெட்டிக்குப் பார்க்காமல், கூரியர், வரி எல்லாம் சேர்த்து ரவுண்டுக்கு எத்தனை சென்ட் என்று பாருங்கள். பீதி தொடங்கிவிட்டால் முதல் இரண்டு மாதம் வாங்காமல் இருக்க முடிந்தால் இருங்கள்; அந்த நேரத்தில் நீங்கள் கொடுக்கும் பணம் வரிசையில் நின்றவருக்குத்தான் போகிறது. 2021-இல் நீங்கள் 45 டாலர் கொடுத்தது நீங்களே பார்த்துச் சம்மதித்த விலை என்றால், அதற்கு இப்போது புகார் கொடுத்துப் பலன் இருக்காது. வேறு எப்போதாவது, ஏற்றுக்கொண்ட ஆர்டரை ரத்து செய்து விலையை ஏற்றி மறுபடி போட்டார்கள் என்றால், ஆர்டர் உறுதி வந்த மின்னஞ்சல், ரத்துக் கடிதம், புது விலையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் இணையத்திலேயே புகார் பதியலாம். பணம் இன்னும் திரும்பவில்லை என்றால் அதற்கு முன் கார்டு கொடுத்த வங்கியைக் கூப்பிடுங்கள். அங்கே கால வரம்பு உண்டு, அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருந்தால் அது தாண்டிவிடும்.